எட்டு ஷில்லிங் பாக்கி: கேப்டன் கார்வர் புளுகரா?

ஜூன் 4, கேள்வி

ஓரிகன் என்ற அமெரிக்க மாநிலத்துக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடப்போய் ஜொனாதன் கார்வர் என்பவரிடம் வந்து நிற்கிறேன். அமெரிக்கா பிரிட்டிஷ் காலனியாக இருந்த காலத்துச் சிப்பாய். 1778இல் லண்டனில் ஒரு பயணப் புத்தகம் போட்டு ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கியிருக்கிறார். ஆனால் அது காப்பி என்று 1906லேயே ஒரு பேராசிரியர் எழுதிவிட்டாராம். கண்ணால் பார்க்காத நதிக்குப் பெயர், தான் தலைமை தாங்காத பயணத்துக்குத் தலைவர் என்ற பட்டம், அப்புறம் ஒரு போலிப் பத்திரம் வேறு. இவ்வளவு புளுகிய ஆளை எதற்குப் படிக்க வேண்டும்? இங்கே யாராவது முழுசாகப் படித்ததுண்டா?

ஜூன் 4, இரவு

உண்டு. ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் எரிச்சல் வந்தது, ஆனால் வேறு வேறு ஆட்கள் மேல்.

1906இல் எழுதியவர் யேல் பல்கலைக்கழகத்து போர்ன். புத்தகத்தில் ரெண்டு பாதி. முன்பாதி பயணம். பின்பாதி செவ்விந்தியர்களின் கல்யாணம், சாவு, போர், விளையாட்டு, மிருகம், மரம், செடி. அந்தப் பின்பாதியில் பெரும்பகுதி சார்லவா, லாஹோன்டான் என்ற ரெண்டு பிரெஞ்சுக்காரர்களும் அடேர் என்ற வியாபாரியும் முன்னமே எழுதியதிலிருந்து எடுத்தது. அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் சந்தேகமே வராது. போர்ன் அதோடு நிற்காமல், இப்படி ஒரு புத்தகத்தை எழுதுகிற படிப்பு இந்த ஆளுக்குக் கிடையாது என்கிற வரைக்கும் போய்விட்டார். செருப்புத் தைத்தவர் என்று சொல்வார்கள், அதுவும் சேர்ந்துகொண்டது.

காப்பி உண்மை. படிப்பில்லாதவர் என்பது பொய். கார்வர் கைப்பட எழுதிய நாட்குறிப்புகள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலேயே கிடந்தன. ஜான் பார்க்கர் என்பவர் பதிப்பித்து 1976இல் மினசோட்டா வரலாற்றுச் சங்கம் அச்சில் கொண்டுவந்தது. எழுத்துப்பிழை மலிந்த நடைதான், ஆனால் அந்த ஆள் போனார், பார்த்தார், தினம் தினம் எழுதினார். போகாமல் அப்படி எழுத முடியாது.

ஜூன் 5, காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாமலே விட்டேன்.

1710இல் மாசச்சூசெட்ஸ் வெய்மத்தில் பிறந்தவர், கனெக்டிகட்டில் கேன்டர்பரி என்ற ஊரில் வளர்ந்தவர். 1746இல் அபிகேல் ராபின்ஸ் என்ற பெண்ணோடு கல்யாணம், ஏழு பிள்ளைகள். பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை மூண்டபோது மாசச்சூசெட்ஸ் படையில் சேர்ந்தார். அப்போதே வயது 45. நம்மூரில் அந்த வயதில் பெண்ணுக்கு வரன் பார்ப்பார்கள். சண்டை முடியும்போது கேப்டன். இடையில் சர்வேயும் வரைபடம் போடுவதும் கற்றுக்கொண்டார். எனக்கு இவர் மேல் பிடிப்பு வந்ததே அதனால்தான். நானும் சங்கிலி பிடித்து, தியோடலைட் தூக்கி, புலப்படம் வரைந்து பென்ஷன் வாங்கியவன்.

1757 ஆகஸ்ட்டில், இன்று நியூயார்க் மாநிலத்தில் இருக்கிற லேக் ஜார்ஜின் தென்கோடிக் கோட்டை, ஃபோர்ட் வில்லியம் ஹென்றி, பிரெஞ்சுத் தளபதி மோன்காமிடம் விழுந்தது. மரியாதையோடு வெளியேறலாம் என்று ஒப்பந்தம். மறுநாள் காலை வரிசையாகக் கிளம்பியவர்கள் மேல் பிரெஞ்சுக்காரர்களோடு வந்திருந்த செவ்விந்திய வீரர்கள் பாய்ந்துவிட்டார்கள். கார்வர் அந்த வரிசையில் இருந்தார். அந்த ஐந்தாறு பக்கங்களுக்காகவே புத்தகத்தைப் படிக்கலாம். கோட்டு, இடுப்புச்சட்டை, தொப்பி, பக்கிள் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். காவல் நிற்கும் பிரெஞ்சுச் சிப்பாயிடம் ஓடுகிறார். அவன் இங்கிலீஷ் நாயே என்று திட்டித் திரும்பவும் கூட்டத்துக்குள்ளேயே தள்ளிவிடுகிறான். ரெண்டு பேர் இவரை ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்துப் போகிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு ஆங்கிலக் கனவான் குறுக்கே ஓடுகிறார். உடம்பில் வேறு துணி இல்லை, செக்கச்செவேல் என்று வெல்வெட் கால்சட்டை மட்டும். ரெண்டு பேரில் ஒருவன் இவரை விட்டுவிட்டு அந்தக் கால்சட்டைக்குப் பாய்கிறான். இவர் மற்றவனிடமிருந்து உதறிக்கொண்டு காட்டுக்குள் ஓடுகிறார். மூன்று நாள் சாப்பாடு இல்லை, மூன்று ராத்திரி பனி. அப்புறம்தான் ஆங்கிலேயர் கோட்டையான ஃபோர்ட் எட்வர்ட்.

1500 பேர் செத்தார்கள் என்று எழுதியிருக்கிறார். அதுதான் இவருடைய முதல் புளுகு. வரலாற்று ஆசிரியர் ஸ்டீல் கணக்குப் போட்டுப் பார்த்ததில் குறைந்தது 69, கூடினால் 184.

ஜூன் 5, பகல்

என் தப்பு. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 1500 பேர் கொல்லப்பட்டார்கள் *அல்லது சிறைபிடிக்கப்பட்டார்கள்* என்றுதான் இருக்கிறது. பிடித்துக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர் உண்டு. அப்படியும் எண்ணிக்கை ஜாஸ்திதான், ஆனால் நான் சொன்ன அளவு புளுகு இல்லை. புளுகன் என்று ஒருவரைச் சொல்லவந்து நானே புளுகிவிட்டேன்.

ஜூன் 8

சரி, பயணம். இங்கேதான் ராபர்ட் ராஜர்ஸ் வருகிறார். காட்டுப் போரில் பெயர் வாங்கிய ரேஞ்சர் படைத் தலைவர், கடனாளி, வாய் நிறையத் திட்டம். அமெரிக்காவின் குறுக்கே பசிபிக் கடலுக்கு ஒரு வழி இருக்கிறது, காசு கொடுத்தால் கண்டுபிடிக்கிறேன் என்று லண்டனில் மனுப் போட்டார். காசு கிடைக்கவில்லை. வேலை மட்டும் கிடைத்தது: ஹூரான் ஏரியும் மிச்சிகன் ஏரியும் சேரும் இடத்தில் இருக்கிற மிச்சிலிமாக்கினாக் கோட்டைக்குத் தலைமை. மேலே இருப்பவர்கள் வேண்டாம் என்று சொன்ன பயணத்தை அங்கே உட்கார்ந்துகொண்டு சொந்த அதிகாரத்தில் ஆரம்பித்துவிட்டார். டியூட் என்பவர் தலைவர், காடர்ட் உதவி, கார்வர் வரைபடக்காரர். கார்வருக்குச் சம்பளம் நாளுக்கு 8 ஷில்லிங்.

1766 செப்டம்பரில் கார்வர் முன்னால் கிளம்பினார். கிரீன் பே, ஃபாக்ஸ் ஆறு, அங்கிருந்து படகைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தால் விஸ்கான்சின் ஆறு, அது போய்ச் சேருகிற இடத்தில் மிசிசிப்பி. நவம்பர் 17 அன்று செயின்ட் ஆன்டனி நீர்வீழ்ச்சி, இன்றைய மினியாபொலிஸ். குளிர்காலம் டகோட்டா என்ற செவ்விந்திய மக்களோடு. வசந்தத்தில் திரும்பி வந்து டியூட்டோடு சேர்ந்துகொண்டு சுப்பீரியர் ஏரியில் கிராண்ட் போர்டேஜ் வரை போனார்கள். அங்கே சரக்கும் சாமானும் வரும் என்று காத்திருந்தார்கள். ராஜர்ஸிடமிருந்து கடிதம் வந்தது. சரக்கு இல்லை. அவ்வளவுதான், பசிபிக் பயணம் முடிந்தது.

1767 டிசம்பரில் ராஜர்ஸைத் தேசத்துரோகம் என்று கைதுசெய்து மான்ட்ரியல் கொண்டுபோனார்கள். மறு வருஷம் ராணுவ நீதிமன்றம் குற்றமில்லை என்று விட்டுவிட்டது. கார்வர் சம்பளம் கேட்டார். உன்னை அனுப்பியவருக்கே அனுப்ப அதிகாரம் கிடையாது, நாங்கள் எதற்குத் தர வேண்டும் என்றார்கள்.

இந்த வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு டீ குடித்தேன். எனக்கு இது நடந்திருக்கிறது. 1988இல் மலையில் 43 நாள் முகாம். ஜீப் போகாது, கழுதையில் சாமான். திரும்பி வந்து போட்ட பயணப்படி பில் ஒரு மாதம் கழித்துச் சிவப்பு மையோடு மேஜைக்கு வந்தது: "முன் அனுமதி ஆணை இணைக்கப்படவில்லை." அனுப்பிய அதிகாரி அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார். போனில் கேட்டால், "நான் வாய்மொழியாகத்தானே சொன்னேன்" என்றார். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம்.

ஜூன் 8, கொஞ்சம் கழித்து

மேலே எழுதியதைப் படித்தபோது ஒன்று தோன்றியது. இந்தப் புத்தகமே ஒரு பயணப்படி பில். அப்படி வைத்துப் படித்தால் புளுகுகளில் பாதி தெளிவாகிவிடும். ராஜர்ஸ் பெயரைச் சொன்னால் காசு வராது, ஆகவே ராஜர்ஸ் காணோம். டியூட் தலைவர் என்றால் பரிசு அவருக்கு, ஆகவே டியூட் காணோம். நான் யோசித்தேன், நான் திட்டமிட்டேன், நான் போனேன் என்று எல்லாம் ஒருமை. பில்லில் "நாங்கள்" என்று எழுதினால் ஆடிட்டில் வெட்டிவிடுவான்.

ஜூன் 13

"பாதிக் கதையைச் சொல்லிவிட்டுப் பாம்புக் கதையை விட்டீர்களே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விடவில்லை ஐயா, வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு பிரெஞ்சு வியாபாரி கார்வரிடம் சொன்னது. மெனாமனி என்ற செவ்விந்திய இனத்து ஆள் ஒருவர் ஒரு கிலுகிலுப்பைப் பாம்பைப் பெட்டியில் வைத்து வளர்த்தார், எங்கே போனாலும் கூடவே தூக்கிப் போவார். அக்டோபரில், போய்விட்டு மே மாதம் இதே இடத்துக்கு வா என்று சொல்லித் திறந்துவிட்டார். வராது என்று வியாபாரி ரம் பந்தயம் கட்டினார். மே மாதம் குறித்த நேரத்தில் பாம்புக்காரர் பெட்டியைத் திறந்து வைத்துக் கூப்பிட்டார், பாம்பு வரவில்லை. ரெண்டு நாள் தவணை கொடு, பந்தயம் ரெண்டு மடங்கு என்றார். ரெண்டாம் நாள் பகல் ஒரு மணி வாக்கில் பாம்பு வந்து தானே பெட்டிக்குள் ஏறிச் சுருண்டுகொண்டது.

இதை நேரில் பார்த்ததாகக் கார்வர் சொல்லவில்லை. வியாபாரி சத்தியம் செய்தார், மற்றவர்களும் ஆமாம் என்றார்கள் என்று மட்டும் எழுதுகிறார். ரெண்டு நாள் லேட் என்பதுதான் கதையின் அழகு. சரியான நேரத்துக்கு வந்திருந்தால் ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஜூன் 14

அதே ஜாதியில் இன்னொன்று, ஆனால் இது தன் கண்முன் நடந்தது என்கிறார். கிராண்ட் போர்டேஜில் வியாபாரிகளை எதிர்பார்த்துப் பட்டினியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். க்ரீ இனத்துப் பூசாரி ஒருவர், நான் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு தோலில் படுத்துக்கொள்கிறார். தோல் வாரில் நாற்பது கஜத்தைச் சுற்றி எகிப்து மம்மி மாதிரி கட்டுகிறார்கள். கொஞ்ச நேரம் முனகல், அப்புறம் கத்தல், வாயில் நுரை, கடைசியில் கட்டுகளையெல்லாம் உதறிக்கொண்டு எழுந்து, நாளை சூரியன் உச்சிக்கு வரும்போது ஒரு படகு வரும், வியாபாரிகள் எப்போது வருவார்கள் என்று அதில் தெரியும் என்கிறார். மறுநாள் உச்சிவேளைக்குப் படகு வந்தது.

கார்வர் இதை விளக்கவே முயலவில்லை. நம்பச் சொல்லியும் வற்புறுத்தவில்லை. இப்படி நடந்தது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிறார். எங்கள் பாட்டி குறி கேட்டு வந்து கதை சொல்லும்போதும் இதே தொனிதான்.

ஜூன் 21

பத்திரம் பற்றித் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். வாருங்கள், இது நம் பேட்டை.

இன்றைய செயின்ட் பால் நகரத்தில் மிசிசிப்பிக் கரையோரம் ஒரு குகை. டகோட்டா மக்களுக்கு அது வாக்கன் டீப்பி, புனிதம் குடியிருக்கிற இடம். 1767 மே 1 அன்று அந்தக் குகையில் வைத்து ரெண்டு தலைவர்கள் கார்வருக்கு நிலம் எழுதிக்கொடுத்ததாக ஒரு பத்திரம். கையெழுத்துக்குப் பதில் ஒருவர் ஆமை, மற்றவர் பாம்பு வரைந்திருக்கிறார்கள். எல்லையைக் கேளுங்கள்: நீர்வீழ்ச்சியில் ஆரம்பித்து மிசிசிப்பியின் கிழக்குக் கரையோடு பெப்பின் ஏரியின் தென்கோடி வரை, அங்கிருந்து கிழக்கே ஐந்து நாள் நடை, நாளுக்கு இருபது மைல் வீதம், அங்கிருந்து வடக்கே ஆறு நாள் நடை, அதே வீதம், அங்கிருந்து நேர்கோட்டில் நீர்வீழ்ச்சிக்கு.

என் சர்வீஸில் கோணல் பத்திரங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். "புளியமரத்துக்கு மேற்கு, இறந்துபோன ராமசாமி மாட்டுக்கொட்டகைக்குத் தெற்கு" என்று ஒன்று. நாள் நடையில் எல்லை சொன்ன பத்திரம் பார்த்ததில்லை. நூறு மைல், நூற்றிருபது மைல்: 12,000 சதுர மைல் ஒரே சர்வே எண்.

வில்லங்கம் பார்ப்போம். ஒன்று, கார்வர் தன் புத்தகத்தில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் செத்த பிறகு 1781 பதிப்பில்தான் பத்திரம் தலைகாட்டுகிறது. ரெண்டு, 1763லேயே அரசர் பிரகடனம்: செவ்விந்தியரிடமிருந்து தனியாள் யாரும் நிலம் வாங்கக் கூடாது. அதாவது உண்மையான பத்திரமாக இருந்தாலும் செல்லாது. மூன்று, வாரிசுகள் கேட்டு வந்தபோது மூலப் பத்திரத்தைக் காட்ட முடியவில்லை. 1817இல் கார்வரின் பேரன்மார் ரெண்டு பேர் நிலத்தைப் பார்க்க மிசிசிப்பியில் படகேறியே போனார்கள். மேஜர் லாங் என்ற ராணுவ சர்வேயர் அதே பக்கம் போனபோது கூடவே வந்தவர்கள் என்று எழுதியிருக்கிறார். அமெரிக்கக் காங்கிரஸ் கடைசியில் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. அதற்குள் அந்த நிலத்தைக் கூறுபோட்டு ஆளாளுக்குப் பத்திரம் விற்றாகிவிட்டது. மனைக்கல் நடாத குறைதான்.

இந்தப் போலியைக் கார்வர் தலையில் கட்டுவது நியாயமா என்று எனக்குத் தெளிவில்லை. எட்டு ஷில்லிங்குக்கு மனு மேல் மனு போட்ட ஆள், கையில் ஆயிரக்கணக்கான சதுர மைல் பத்திரத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பாரா?

ஜூன் 22

குகை என்றதும் சொல்ல மறந்தது. புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான். வாசல் பத்தடி அகலம், ஐந்தடி உயரம். உள்ளே வளைவு பதினைந்தடி உயரம், முப்பதடி அகலம். தரை சுத்தமான மணல். இருபதடி போனதும் தண்ணீர் ஆரம்பிக்கிறது, தெளிந்த தண்ணீர், எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியவில்லை. ஒரு கூழாங்கல்லை எடுத்து முழு பலத்தோடு உள்ளே எறிகிறார். அது தண்ணீரில் விழுந்த சத்தம் அந்த இருட்டு முழுக்க உருண்டு, நடுங்க வைக்கிற மாதிரித் திரும்பி வருகிறது. சுவரில் பழைய சித்திரங்கள், பாசி மூடிப் பாதி மறைந்தவை.

அளவெல்லாம் எந்த சர்வேயரும் எழுதுவார். அந்தக் கல்லை எறிந்தது மனுஷன். மூடிய கிணற்றைக் கண்டால் நாங்களும் முதலில் அதைத்தான் செய்வோம், அப்புறம்தான் டேப். 1837இல் நிக்கொலே என்ற வரைபடக்காரர் போய், மண் மூடிய வாசலைத் தோண்டி உள்ளே இறங்கிப் பார்த்துவிட்டு, கார்வர் சொன்னது சரி என்று எழுதினார். புளுகர் என்பவர்கள் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிற்பாடு ரயில் பாதைக்காகக் குகையின் முகப்பை வெட்டிவிட்டார்கள். சித்திரங்கள் போச்சு.

ஜூலை 2

அவர் மனைவி என்ன ஆனார் என்று அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார். இத்தனை நாள் நான் அதைத் தொடாமல் நழுவிக்கொண்டிருந்தது உண்மை.

1769இல் சம்பள பாக்கி கேட்க லண்டனுக்குக் கப்பலேறினார். திரும்பி வரவே இல்லை. அபிகேல் மாசச்சூசெட்ஸில் ஏழு பிள்ளைகளோடு. 1774இல் லண்டனில் மேரி ஹாரிஸ் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார், முதல் கல்யாணத்தை ரத்து செய்யாமலே. அங்கே ரெண்டு குழந்தைகள். பில் வராத கஷ்டத்தில் எத்தனையோ புரிந்துகொள்ளலாம், இதை அந்தக் கணக்கில் சேர்க்க நான் தயாரில்லை. கடிதம் வந்ததா, பணம் வந்ததா, அந்த அம்மாள் எத்தனை வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று புத்தகத்தில் ஒரு வார்த்தை கிடையாது. டியூட்டும் ராஜர்ஸும் காணாமல் போன மாதிரியே இவரும்.

ஜூலை 3

நேற்று கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன். அழிக்கப் போவதில்லை.

லண்டனில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். மனுவை வாங்கிக்கொண்ட அதிகாரிகள், வரைபடம், நாட்குறிப்பு எல்லாவற்றையும் ஒப்படை என்று உத்தரவு போட்டார்கள். அவற்றை அதற்குள் ஒரு புத்தக வியாபாரிக்கு விற்றிருந்தார், கிட்டத்தட்ட அச்சுக்குத் தயார். விற்றதைத் தன் காசில் திரும்ப வாங்கி ஒப்படைத்தார். பில் பாஸாக வேண்டும் என்றால் அசலைக் கொண்டுவா என்பது அப்போதே உண்டு. வாங்கியவர்கள் அதற்குக் காலணா தரவில்லை என்று முன்னுரையில் புலம்புகிறார். புத்தகம் ஒன்பது வருஷம் தள்ளிப் போனது.

ஒரு திருத்தம்: ஒன்றுமே கிடைக்கவில்லை என்பது அவர் பாட்டு. ரெண்டு தடவை அரசு மானியம் கிடைத்தது, கேட்ட அளவுக்கு இல்லை. என் பில்லும் அப்படித்தான், பாதி வந்தது. 1999இல். 1988 ரேட்டில்.

ஜூலை 3, இரவு

நாளுக்கு 8 ஷில்லிங் என்றால் வருஷத்துக்கு 2920 ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற கணக்கில் 146 பவுண்டு. பேரக்குழந்தையின் கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்தேன். இந்த 146 பவுண்டுக்காக ஒரு கடல், ஒரு குடும்பம், பதினோரு வருஷம்.

ஜூலை 9

பேச்சு லெட்யார்டு என்ற இன்னொரு பயண எழுத்தாளர் பக்கம் போகிறது. அவரும் இதே இனம்தான், கனெக்டிகட்காரர், கேப்டன் குக்கின் மூன்றாம் கடற்பயணத்தில் கடற்படைச் சிப்பாய், 1783இல் ஹார்ட்ஃபர்டில் புத்தகம். கடைசிப் பகுதி இன்னொருவர் புத்தகத்திலிருந்து எடுத்தது. அப்புறம் சைபீரியா வழியாக அமெரிக்காவுக்கே போகிறேன் என்று கிளம்பி இர்கூட்ஸ்க்கில் ரஷ்ய மகாராணியின் ஆட்களிடம் மாட்டித் திருப்பி அனுப்பப்பட்டு, 1789இல் கெய்ரோவில் செத்தார். ஆள் சுவாரஸ்யமானவர், ஆனால் அவருக்குத் தனி இழை வேண்டும்.

அந்தக் காலத்துச் சிப்பாய் எழுத்தாளர்கள் காப்பியடித்தார்கள் என்றால், பதிப்பாளர் கேட்டார் என்பதும் சேர்த்தி. பக்கம் போதவில்லை, மிருகம் பற்றிப் போடு, சடங்கு பற்றிப் போடு. கார்வர் கையெழுத்துப் பிரதிக்கும் அச்சுப் புத்தகத்துக்கும் நடுவில் வேறு யாரோ நடையைத் திருத்தியிருப்பது ரெண்டையும் பார்த்தால் தெரிகிறது.

ஜூலை 10

ஒரு நண்பர் தனிச்செய்தியில்: "காப்பிக்கு இவ்வளவு சமாதானமா?" சமாதானம் இல்லை. எங்கே காப்பி, எங்கே இல்லை என்று பிரித்துப் படிக்கச் சொல்கிறேன்.

காப்பி இல்லாத இடம் ஒன்று. நீர்வீழ்ச்சிக்குப் போகிற வழியில் வின்னிபேகோ என்ற செவ்விந்திய இனத்து இளைஞர் ஒருவர் சேர்ந்துகொள்கிறார். ஆற்றில் ஐஸ், படகை விட்டுவிட்டு நடக்கிறார்கள். வீழ்ச்சியைப் பார்த்ததும் அந்த இளைஞர் சத்தமாகப் பிரார்த்தனை செய்கிறார். கையிலிருந்த சுங்கானைத் தண்ணீரில் வீசுகிறார். அடுத்து புகையிலை. அடுத்து கையில் போட்டிருந்த காப்பு, கழுத்து மாலை, கடைசியில் காதில் கிடந்தது. அவரிடம் இருந்த விலையுள்ளது எல்லாம் போய்விட்டது. கார்வர் அவரைக் கேலி செய்யவில்லை. புனித இடத்தில் ஆடம்பரமாகச் செய்கிற வழிபாட்டுக்குச் சமமாக இதுவும் கடவுளுக்குப் பிடித்திருக்கும் என்கிற மாதிரி எழுதுகிறார். உயரம் முப்பதடி என்கிறார். 1805இல் பைக் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி அளந்தபோது பதினாறரை. அளவில் தப்பு, ஆளில் தப்பில்லை.

ஜூலை 19

கேள்வி கேட்டவர் ஆரம்பித்த ஓரிகனுக்கே இப்போதுதான் வருகிறேன், மன்னிக்கவும். இன்றைய எழுத்துக்கோர்வையில் அந்தப் பெயர் அச்சில் முதலில் வந்தது கார்வர் புத்தகத்தில். மேற்கே ஓடும் பெரிய நதி என்கிறார், பார்த்ததில்லை. நான்கு பெரிய நதிகள் முப்பது மைலுக்குள் பிறக்கின்றன என்று வேறு ஒரு படம் போடுகிறார், சுத்தத் தப்பு. ஆனால் பெயர் எங்கே கிடைத்தது? 1765இல் ராஜர்ஸ் போட்ட மனுவில் ஊரகான் என்று இருக்கிறது. ராஜர்ஸை வரிவரியாக அழித்தவர், ராஜர்ஸிடமிருந்து எடுத்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டார். இன்று ஒரு மாநிலத்துக்கே அந்தப் பெயர்.

ஜூலை 20

பரப்பளவில் தப்புச் செய்திருக்கிறேன், ஒருவரும் பிடிக்கவில்லை! நூறு, நூற்றிருபது என்று பெருக்கி 12,000 என்றேன். அது செவ்வகமே இல்லை. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் சாய்கோடு. கிராஃப் தாளில் போட்டுக் கட்டம் எண்ணினேன்: பதினோராயிரத்துக்கு மேல், பன்னிரண்டுக்குள். ரிட்டையர் ஆனவன் பெருக்கல் இப்படித்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 6

முடிவைக் கேட்டவர்களுக்கு. புத்தகம் நன்றாக விற்றது, மறு வருஷமே ரெண்டாம் பதிப்பு. 1779இல் புகையிலை பயிரிடுவது பற்றி ஒரு சிறு நூல் எழுதினார், அதைப் படித்தவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். வருமானம் போதாமல் லாட்டரி அலுவலகத்தில் குமாஸ்தா. 1780 ஜனவரி 31 அன்று வறுமையில் செத்தார், வயது 69. லெட்சம் என்ற மருத்துவர்தான் பிறகு 1781 பதிப்பைக் கொண்டுவந்து, கார்வர் பட்ட குறையையும் வாழ்க்கைக் கதையையும் சேர்த்து, அந்தப் பத்திரத்தையும் போட்டது. ஜெர்மன், பிரெஞ்சு, டச்சு மொழிகளுக்கும் புத்தகம் போனது. பாயில் உட்காரவைத்த பிணத்தின் முன் டகோட்டா மக்கள் பேசுவதாகக் கார்வர் எழுதிய இடத்தை வைத்து ஜெர்மன் கவிஞர் ஷில்லர் ஒரு கவிதையே எழுதினார். அதற்கும் கார்வருக்கு ஒரு ஷில்லிங் போகவில்லை.

ஆகஸ்ட் 7

கேள்வி கேட்ட தம்பி புத்தகத்தை ஆரம்பித்துவிட்டாராம், பாம்புக் கதையில் சிரித்துவிட்டு அங்கேயே வைத்திருக்கிறாராம். வைக்காதீர்கள் தம்பி. கார்வர் அந்த இடத்தில் இன்னும் விஸ்கான்சின் ஆற்றையே தாண்டவில்லை, அக்டோபர் வந்துவிட்டது, ஐஸ் கட்ட ஆறு வாரம்கூட இல்லை.